எல்லையில் வைத்த தைல டப்பா

காலையிலிருந்து ஹாஸ்டல் அறை முழுக்கத் தலைவலித் தைல வாசனை. உன் டப்பாதான். மூடியைத் திறந்து மேசைமேல் வைத்தேன், திரும்ப மூட மனம் வரவில்லை. வாசனையுள்ள டப்பாவை ஒளித்து வைக்கக்கூடாது, நாய் மோப்பம் பிடித்துத் தூக்கிப்போய்விடும் என்று நம் டப்பா தேடும் விளையாட்டின் விதியில் இருக்கிறது. அதை நான் படித்துக் காட்டியபோது, "நம்ம ஊரு நாய்க்கு இன்னாடி தலைவலி?" என்று கேட்டாய். விதி, சட்டம் என்றாலே உனக்குச் சிரிப்புதான்.

போன மாதம் அந்த விளையாட்டின் ஆப்பில் ஒரு செய்தி வந்தது. இரண்டு பேரும் ஒரே கணக்கைத்தானே வைத்திருந்தோம், அதனால் அது என் போனுக்கு வந்தது. கரையாம்புத்தூர் பக்கம் நீ வைத்த டப்பாவை யாரோ தேடிப் போய், கிடைக்காமல் திரும்பியிருக்கிறார். வைத்தவர் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வரைபடத்திலிருந்து நீக்கிவிடுவார்களாம். வைத்தவள் எங்கே போயிருக்கிறாள் என்று அந்த ஆப்புக்கு யார் சொல்வது? ரேஷன் கார்டில் உன் பெயரை எடுத்தாயிற்று. ஆபீஸில் உன் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். உனக்கென்று மிச்சம் இருந்தது வரைபடத்தில் அந்த ஒரு புள்ளி. அதையும் அழிக்கப் பார்க்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடிக்க வைத்தவள் நீ. நீ கரையாம்புத்தூர், நான் அபிஷேகப்பாக்கம், இரண்டும் புதுச்சேரிக் கிராமங்கள். அங்கே இருந்தவரை ஒருவரையொருவர் தெரியாது, சென்னை ஹாஸ்டலில்தான் பழக்கம். "மூணு வருசமா இருக்கோம், ஹாஸ்டலும் ஆபீஸும் பஸ் ஸ்டாப்பும் தவிர இந்த ஊர்ல இன்னா தெரியும் நமக்கு?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை நீட்டினாய். ஜியோகேச்சிங் என்றாய். உலகம் முழுக்க யார் யாரோ சின்னச் சின்ன டப்பாக்களை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஆப்பில் போட்டுவிடுகிறார்கள். தேடிக் கண்டுபிடிக்கிறவர் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, டப்பாவை அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. "இதுல நமக்கு இன்னா லாபம்?" என்று கேட்டேன். "நம்பர் இருந்தா போதும்டி. எவ்ளோ தூரத்துல இருக்கறவனும் கரெக்டா வந்து கைய வெப்பான்" என்றாய். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் இருந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போது எனக்குக் கசக்கிறது.

முதல் டப்பாவை ஒரு பார்க் பெஞ்சுக்கு அடியில் தேடினோம். சுடிதாரோடு மண்டியிட்டுத் துழாவும் இரண்டு பெண்களைப் பார்த்து வாட்ச்மேன் விசிலடித்துக்கொண்டு வந்தார். நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கம்மல் விழுந்துடுச்சுண்ணா" என்றாய். அவர் விசிலைப் பையில் போட்டுவிட்டுக் குனிந்தார். வாக்கிங் வந்த மாமா குனிந்தார். பெருக்கிக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தார். இல்லாத கம்மலை அத்தனை பேரும் தேட, எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "கம்மல்னா உடனே குனியறாங்க பாரு. நல்ல ஊருதான்டி." அதற்கப்புறம் மேம்பாலத்தடியில், கடற்கரைச் சுவரோரம், எங்கே மாட்டினாலும் நமக்கு அந்தக் கம்மல்தான் துணை.

பொங்கல் லீவில் நம் பக்கத்திலும் ஒன்று வைக்கலாம் என்றாய். வைத்ததுதான் வைத்தாய், நடு ஊரில் வைத்திருக்கக் கூடாதா? எல்லையில் இருக்கும் அந்த மதகைத் தேர்ந்தெடுத்தாய். மதகுக்கு இந்தப் பக்கம் ஒரு தார், அந்தப் பக்கம் வேறு தார். இங்கே ஒயின் ஷாப், அங்கே கரும்புக் கொல்லை. பாதி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு. "இந்த டப்பா எந்த ஸ்டேட்டுன்னு எவனாலயும் சொல்ல முடியாது பாரு" என்று மதகுச் சந்தில் அதைச் செருகிவிட்டுச் சிரித்தாய். ஒரு கால் இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமும் வைத்து நின்று, போட்டோ எடுக்கச் சொன்னாய். நான் போனைத் தூக்கினேன். ஒயின் ஷாப்பிலிருந்து ஒரு பைக் கண்மண் தெரியாமல் வந்தது. உன் தலை மதகுச் சுவரில் மோதிய சத்தத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். எண்ணைச் சொன்னேன்டி. ஆப்பில் இருந்த அத்தனை இலக்கத்தையும் ஒன்றுவிடாமல் படித்தேன். "அதெல்லாம் வேணாம் மேடம். பாண்டியா, தமிழ்நாடா?" என்றது குரல். மதகுமேல் என்றேன். "எந்தப் பக்கம் மேடம்?" என்றது. பாண்டி என்றேன், வேறு இணைப்புக்கு மாற்றினார்கள். அங்கே இருந்தவர் மதகு பெயரைக் கேட்டுவிட்டு, "அது எங்க லிமிட் இல்லம்மா" என்றார். நீ என் மடியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாய். கடைசியில் கரும்புக் கொல்லை ஆட்கள் ஒரு லோடு ஆட்டோவை நிறுத்தி உன்னைத் தூக்கிப் போட்டார்கள். வில்லியனூர் ஆஸ்பத்திரியை நெருங்கும்போது உன் கை சில்லிட்டுவிட்டது. சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் வாய் கூசாமல் சொன்னார்.

அதோடு விட்டார்களா? மறுநாள் இரண்டு பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன்காரர்களும் டேப் வைத்து ரோட்டை அளந்தார்கள். தலை எந்தப் பக்கம் கிடந்தது என்பதில் அவர்களுக்கு வழக்கு. டப்பாவில் கஞ்சா இருந்ததா என்று ஒருவர் என்னைக் கேட்டார். காரியத்தன்று உன் பெரியப்பா எல்லார் காதிலும் விழும்படி, "வயசுப் பொண்ணுங்களுக்கு டப்பா தேடற வேல இன்னாத்துக்கு?" என்றார். குடித்துவிட்டு வந்து இடித்தவனை அந்த வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் அம்மா என் பக்கம் திரும்பவேயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைதான் திரும்ப அங்கே போனேன். சந்தில் டப்பா இல்லை. கால்வாய்க்குள் இறங்கி, அடைந்துகிடந்த கரும்புச் சோகையை விலக்கிக்கொண்டிருந்தேன். ஒயின் ஷாப்பிலிருந்து ஒரு ஆள் பாட்டிலும் கையுமாக வந்தார். அந்தக் கடையிலிருந்து வருகிறவர் என்றதுமே எனக்கு வயிறு எரிந்தது.

"இன்னாம்மா தேடற?"

நம் பழைய பொய் தானாக வாயில் வந்தது. "கம்மல் விழுந்துடுச்சுண்ணே."

பாட்டிலை மதகுமேல் வைத்தார். லுங்கியை மடித்துக் கட்டினார். "எந்தப் பக்கம் வுழுந்துச்சு? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

அதே கேள்வி. "தெரியலண்ணே" என்றேன்.

"தெரியலன்னா இன்னா? ரெண்டு பக்கமும் பாத்துடலாம்" என்று சேற்றில் இறங்கிவிட்டார்.

நான் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். "அழாதம்மா, எங்க போயிடும்" என்று சொல்லிக்கொண்டே துழாவினார். டப்பாவைக் கண்டெடுத்ததும் அவர்தான். "கம்மல் இல்ல, ஏதோ தைல டப்பா" என்று வீசப் போனார். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

ஆப்புக்கு நான் பதில் எழுதவில்லை. புள்ளி அழிந்தால் அழியட்டும், அந்த மதகுக்கு விளையாட இனி ஒருவரும் வர வேண்டாம். டப்பா என்னோடு இருக்கும். "ரெண்டு பக்கமும் பாத்துடலாம்" என்று அந்த ஆள் சொன்னதும் என்னோடு இருக்கும். அன்றைக்குப் போனில் ஒரே ஒருவர் அதைச் சொல்லியிருந்தால், இப்போது நீயே இந்த வாசனையைப் பொறுக்காமல் மூடியை மூடியிருப்பாய்.

டப்பா கிடைத்த பிறகும் கம்மல் பொய்யென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொழுது சாயும்வரை அவர் இரண்டு பக்கமும் தேடினார்.