மூன்று மலர்களில் ஒரே வாக்கியம்

பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

பணிவான வணக்கம். நீங்கள் மறைந்து எட்டு மாதங்கள் கடந்த பின்னரே இம்மடலை வரைய நேர்ந்தமைக்கு முதற்கண் மன்னிப்பை வேண்டி நிற்கிறேன். தாமதத்துக்கு வேலைப்பளுவே காரணம் என்று ஒரு வரி எழுதினேன். அது உண்மையன்று, வெட்டிவிட்டேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் மருமகள் ஆக்லாந்தின் மறுபுறத்துப் பக்குரங்காவிலிருந்து என் மங்கரே வீட்டுக்கு உங்கள் கறுப்புக் காகிதக் கோப்பினைக் கொண்டுவந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே நீட்டினார். "எல்லாம் யார் யாரோட சாவு புக்கு ஆன்ட்டி. வீட்ல வச்சிருக்கவே ஒரு மாதிரியா இருக்கு. வேணாம்னா ரீசைக்கிளிங்ல போட்டுருங்க." திறந்தபோது நீங்கள் முழங்காலுக்குப் பூசும் தைலத்தின் நெடி அடித்தது. உள்ளே மூன்று நினைவு மலர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியத்தின் கீழ் பென்சிற் கோடு. மூன்று இடத்திலும் அது ஒரே வாக்கியம். மூன்றையும் எழுதியவள் நான்.

அன்று தொட்டு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கோப்பினை மேசையில் வைக்கிறேன், அலமாரிக்கு மாற்றுகிறேன், தேநீர் ஆறும் முன்னே மறுபடி எடுத்து விரிக்கிறேன். எதைப் படித்தாலும் ஓரத்தில் குறிப்பு எழுதாமல் விடாத நீங்கள், இந்த மூன்றிலும் கோட்டைத் தவிர ஒரு சொல்லும் எழுதவில்லை. தேதியும் இல்லை.

ஆக்லாந்தில் வாழ்ந்து மறைந்த தமிழர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை ஒரே தொகுதியாக்குவது என்று நகர மையத்து நூலகத்தில் நாம் முதன்முதலாகக் கூடிய நாள் நினைவிருக்கிறதா? கோயம்புத்தூரில் ஓர் ஆலையின் ஆவணப் பிரிவில் காலமெல்லாம் பணியாற்றியவர் நீங்கள். நானோ யாழ்ப்பாணத்திலிருந்து எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்து, இங்கு வந்து விமானங்களுக்கு உணவு பொதி செய்யும் கூடத்தில் நின்றே கால் வீங்கியவள். கைவசமுள்ள தமிழ் முழுவதும் நானே படித்துச் சேர்த்தது என்று தலை நிமிர்ந்து சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "அப்ப நம்ம ரெண்டு பேர்ல நீங்கதானுங்க அம்மணி நெசமாப் படிச்சவங்க. என்னைய வாத்தியாருங்க அடிச்சுப் படிக்க வச்சாங்க." எந்தப் பட்டமும் தராத நிறைவை அந்தப் பேச்சு எனக்குத் தந்தது.

பின்னர் நம் சச்சரவுகள் தொடங்கின. மறைந்தவர் ஒவ்வொருவருக்கும் அரைப் பக்கம் என்பது ஏற்பாடு. 'கடும் உழைப்பாளி' என்று எழுதினால், "யாருங்க பாத்தது?" என்பீர்கள். 'வள்ளல்' என்றால், "யாருங்க பாத்தது?" பார்த்த ஒருவரின் பெயர் கிடைக்காவிட்டால் அந்த வரி போயிற்று.

"ஐயா, ஒரு மனிசனுக்கு ஒரு அடைமொழிகூட இல்லையெண்டால் அது வாழ்க்கையே? டெலிபோன் டிரெக்டரி."

"டைரக்டரில தப்பு நம்பர் இருந்தா ஆளுக திட்டுவாங்க அம்மணி. நம்ம புக்குல இருக்கறவங்க எந்திரிச்சு வந்து திட்டவா போறாங்க? அதுனாலதானுங்க எனக்குப் பயம்."

அத்தனை கேள்வி கேட்ட நீங்கள் ஒன்றை மட்டும் கேளாமல் நம்பினீர்கள். யாழ்ப்பாணத்தவர் முப்பத்தோராம் நாளில் அச்சிட்டு வழங்கும் நினைவு மலர்தான் அது. உங்கள் ஊரில் அவ்வழக்கம் இல்லை. "வீட்டு மனுசங்களே ஒரு மாசத்துல அச்சுல போட்டுக் குடுக்கறாங்க. இதைய விட ஆதாரம் வேணுங்களா?" என்று வியந்தீர்கள். அவை எவ்வாறு எழுதப்படுகின்றன என்பதை அப்போதே நான் எடுத்துரைத்திருக்க வேண்டும். துக்க வீட்டில் ஒருவருக்கும் நினைவு நிலைகொள்ளாது. அச்சுக்குக் கொடுக்கும் நாள் நெருங்கிவிடும். அந்நிலையில் நல்ல தமிழ் எழுதும் ஒருத்தியை அழைப்பார்கள். எழுதியவள் பெயர் மலரில் இராது.

மங்கரே தமிழ் வகுப்பைத் தொடங்கியவர் என்று நம் தொகுதியில் இடம்பெற்றாரே, அந்த மனிதர் இறந்தபோதும் அவர் வீட்டுக்கு அவ்வாறுதான் போனேன். இங்கேயே பிறந்த மகன், எனக்காகச் சிரமப்பட்டுத் தமிழில் சொன்னார். "அப்பா... தமிழ் ஸ்கூல் ஸ்டார்ட் பண்ணேக்க இருந்தவர், ஐ திங்க்." வெறுமனே 'தொடங்கும்போது இருந்தார்' என்று எழுத என் கை வளையவில்லை. 'தன்னலம் துறந்து, தமிழ் வகுப்பை விதையென ஊன்றி விருட்சமென வளர்த்தெடுத்த பெருந்தகை' என்று எழுதினேன். அதற்கு முன் அதே வாக்கியத்தைக் கோயிலை வைத்து ஒருவருக்கும், விளையாட்டுக் கழகத்தை வைத்து இன்னொருவருக்கும் எழுதியிருந்தேன். அதன் ஓசை எனக்குப் பிடிக்கும். இன்றும் பிடிக்கிறது.

நீங்கள் விருட்சத்தையும் பெருந்தகையையும் அகற்றிவிட்டு, 'மங்கரே தமிழ் வகுப்பைத் தொடங்கினார். ஆதாரம்: நினைவு மலர்' என்று குறித்துக்கொண்டீர்கள். எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதியவள் நானே என்று சொல்லவில்லை. உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் அட்டையில் வரவிருந்த காலம் அது.

நம் தொகுதியின் வெளியீட்டு நாளில் ஒரு பெண் எழுந்து நின்றார். "ஐயா, ஒரு நிமிசம். அந்த வகுப்பு எங்கட அம்மா எங்கட கராஜில தொடங்கினது. காரை மழைக்குள்ள விட்டுட்டுப் பிள்ளையளை உள்ளுக்கு இருத்தினவ. இவர் தன்ர மகனைக் கொண்டுவந்து இறக்கிப்போட்டுப் போனவர். அவ்வளவுதான்." பக்கத்திலிருந்த தாயார் அவர் கையைப் பிடித்து இழுத்தார். "இரு பிள்ளை. செத்த மனிசன், விடு."

நீங்கள் எழுந்து கைகூப்பினீர்கள். "தப்பு என்னுதுங்கம்மா. நான் சரியாப் பாக்கலைங்க. அடுத்த பதிப்புல திருத்திப் போடறேனுங்க." நான் மேடையில் உங்கள் அருகே பொன்னாடையுடன் வீற்றிருந்தேன்.

கூட்டம் முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். "ஏன் ஐயா எல்லாத்தையும் உங்கட தலையில போட்டனீங்கள்?" என்று கேட்டேன். "விடுங்க அம்மணி" என்றீர்கள். உங்கள் பேருந்து வந்தது, நீங்கள் ஏறவில்லை. அடுத்ததும் வந்து போயிற்று. "கால் நோகுதோ?" என்றேன். என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஆமாங்க, கொஞ்சம்" என்றீர்கள். மூன்றாவதில் ஏறிப்போனீர்கள். மெய்யாகவே கால்தான் நொந்ததா ஐயா? அல்லது நான் வாய் திறப்பேன் என்று இரண்டு பேருந்துகளை விட்டீர்களா? அந்தப் பென்சிற் கோடுகள் அன்றைக்கு முன்னரே இடப்பட்டவையா, பின்னரா? பல் துலக்கும்போதும் இதே கேள்வி. அடுப்பில் கறி அடிப்பிடிக்கும்போதும் இதே கேள்வி.

இரண்டாம் பதிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதை வெளியிடும் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, முன்னுரையில ஒரு வரி போடுவம். 'அமரர் செய்த பிழை இப்பதிப்பில் திருத்தப்பட்டது' எண்டு. அவர் வந்து சண்டை பிடிக்கப்போறாரே?" யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். அவர் சொன்ன வரியை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பிழையற்ற நல்ல வரிதான். அச்சேறிவிட்டால், இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து இத்தொகுதியைப் புரட்டுபவருக்கு நீங்கள் அந்த ஒரு வரியாகவே இருப்பீர்கள்.

நேற்று முற்பகல் என் திருத்தத்தை அனுப்பிவிட்டேன். முதலில் எழுதியதில் 'விதிவசத்தால்' என்றொரு சொல் இருந்தது, எடுத்தேன். 'அறியாமையால்' என்பதும் இருந்தது, அதையும் எடுத்தேன். மிஞ்சியது இது: 'முதற்பதிப்பில் மங்கரே தமிழ் வகுப்பைத் தொடங்கியவராகக் கூறப்பட்டவர் அதைத் தொடங்கவில்லை. அத்தகவல், நான் எழுதிய நினைவு மலரில் நானே சேர்த்தது. தொகுப்பாளர் அம்மலரை நம்பினார். உண்மை தெரிந்த பின்னரும் நான் சொல்லவில்லை.' கீழே என் முழுப்பெயர்.

பத்து நிமிடத்தில் செயலாளர் மறுபடி அழைத்தார். "உங்களுக்கென்ன விசரே அக்கா? இனி ஆர் உங்களிட்ட எழுதக் குடுப்பினம்?"

"குடுக்காட்டில் விடட்டும் தம்பி. அந்தப் பக்கத்தில ஒரு எழுத்தும் மாத்தக்கூடாது. அதைப் போடாட்டில் அட்டையில என்ர பேரும் வேண்டாம்" என்றேன். கராஜில் வகுப்பு நடத்திய அம்மாவின் வீட்டுக்கு நாளைக் காலை போகிறேன். எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை.

இனி உங்களைப் பற்றிய அரைப் பக்கம். அதையும் நான்தான் எழுதுகிறேன். பிறந்த ஊர், பார்த்த வேலை, வந்த ஆண்டு எல்லாம் உங்கள் மகனிடம் கேட்டு நிரப்பிவிட்டேன். அடைமொழி ஒன்றுகூட இல்லை. பார்த்தால் உங்களுக்குப் பிடிக்கும். கடைசி வரி மட்டும் வெறுமையாக இருக்கிறது. 'பிறர் செய்த பிழையை அறிந்தும், அவரைக் காட்டிக்கொடாமல் தாமே ஏற்றார்' என்று எழுத விரும்புகிறேன். அதற்குச் சாட்சி கேட்பீர்கள். நீங்கள் அறிந்திருந்தீர்களா என்பது உங்களைத் தவிர எவருக்கும் தெரியாது. ஊகத்தை எழுத மாட்டேன். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நண்பகல் வரை அந்த வரிக்கு இடம் விட்டுவைத்திருக்கிறேன். தயவுசெய்து விரைவாகப் பதில் எழுதுங்கள்.