சத்தம் பொருத்துகிறவன்

14 மார்ச் 1998, சனி

பீற்றரின் பொம்மை ரயில் எஞ்சின் வந்துவிட்டது. நல்ல பாரம். பழைய பேப்பர் விரித்த பிறகுதான் பாலாம்பிகை அதைச் சாப்பாட்டு மேசையில் வைக்க விட்டாள். கட்டின மனைவிக்கு மேசைதான் பெரிது!

பீற்றர் எங்கள் தோட்ட ரயில் சங்கத்துச் செயலாளர். தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். தக்காளிப் பாத்தியைச் சுற்றித் தண்டவாளம் போட்டு வைத்திருக்கிறார். எஞ்சின் நன்றாக ஓடும், ஆனால் ஊமை. இனி அதற்குள் டீகோடர் வைக்க வேண்டும். தீப்பெட்டி அளவு அட்டைதான், அமெரிக்காவிலிருந்து வருவது. மோட்டாரையும் ஓட்டும், நீராவிச் சத்தமும் போடும், விசிலும் அடிக்கும். ஸ்பீக்கரைப் பின்னால் வரும் கரிப்பெட்டியில் கவிழ்த்து வைத்து முதுகை மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் சத்தம் சப்பென்று இருக்கும். நான் மூடுவது ரின் மீன் வந்த தகர டப்பாவால். சங்கத்தில் இந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். இது தற்பெருமை இல்லை, உண்மை.

மாலையில் ஓட்டிப் பார்த்தேன். நீராவிச் சத்தம் அருமை. விசில்தான் காணாது, சத்தம் குறைவு. கூட்டி வைத்தேன்.

15 மார்ச்

பாலாம்பிகை காதைப் பொத்திக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

“இஞ்சாருங்கோ, பக்கத்து வீட்டு நாய் ஊளையிடுது. உங்கட காதை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ.”

“என்ர காதுக்கு ஒண்டுமில்லை. உம்மட வாய்தான் கூட.”

இரவுச் சாப்பாட்டுக்குக் குழம்பு வந்தது, பேச்சு வரவில்லை. அந்த நாய் எப்போதும் ஊளையிடுகிற நாய்.

5 ஏப்ரல், ஞாயிறு

பீற்றர் எஞ்சினைத் திருப்பிக் கொண்டுவந்தார். விசில் “கொஞ்சம் உற்சாகமாக” இருக்கிறதாம். வெள்ளைக்காரன் வீடு பற்றி எரிந்தாலும் கொஞ்சம் சூடாக இருக்கிறது என்றுதான் சொல்வான். விசிலில் ஏதோ பெரிய பிழை என்று விளங்கி, ஸ்பீக்கரை மாற்றினேன். அப்போதும் விசில் சளி பிடித்தது மாதிரித்தான். அமெரிக்காக்காரனுக்கு அட்டை செய்யத் தெரியவில்லை. அதில் உள்ள விசில்களில் ஆகக் கூர்மையானதைத் தெரிவு செய்து, சத்தத்தை உச்சத்தில் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

3 மே

மழை. ரீவிச் சத்தத்துக்காக மறுபடியும் சண்டை.

16 மே, சனி

எழுதவே மனமில்லை.

இன்றைக்குப் பீற்றர் தோட்டத்தில் எல்லோரும் வந்து பார்க்கும் நாள். நான் சத்தம் பொருத்திய எஞ்சின் பாத்தியைச் சுற்றி வந்தது. பீற்றர் என்னைப் பெருமைப்படுத்த நினைத்துக் கொன்ட்ரோலரை என் கையிலேயே தந்திருந்தார். விசில் அடித்தேன். பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். ஒரு பெண் தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டாள். எனக்கு விளங்கவில்லை. மறுபடியும் அடித்தேன். பீற்றர் வந்து, கோபமே இல்லாமல், கொன்ட்ரோலரை வாங்கிச் சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டார். எஞ்சின் ஊமையாகச் சுற்றியது.

அதைக்கூடத் தாங்கலாம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் தன் எஞ்சினைப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். பீற்றர் அவரைச் சங்கத்து இளைஞன் வாசுதேவனிடம் கூட்டிப் போனார். என்னிடம் இல்லை. நான் பக்கத்தில்தானே நின்றேன்?

இருபது வருஷம் தகரம் அடிக்கும் மெசினுக்குப் பக்கத்தில் நின்று உழைத்தவன் நான். பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு வேலை செய்தோம். ஆலையை மூடி ஆட்களை அனுப்பின பிறகு, அம்பலவாணன் என்று என்னைத் தேடி யாராவது வந்தால் இந்த வேலைக்காகத்தான் வந்தார்கள். காதும் போனால் எனக்கெண்டு என்ன கிடக்கு? — இல்லை. காதுக்கு ஒன்றுமில்லை.

17 மே

வாசுதேவன் ஹரோவிலிருந்து வந்தான். கம்ப்யூட்டர்க்காரன், மதுரைப் பக்கம். சங்கத்தில் என்னைத் தவிர இருக்கிற ஒரே தமிழன். பீற்றரின் எஞ்சின் அவன் கையில்.

“சார், நீங்க கோவிச்சுக்கக் கூடாது. ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிப் பார்ப்போமா?”

மேசையில் ஒரு துண்டுத் தண்டவாளம் வைத்தான். சத்தத்தை எல்லோரும் வைக்கிற அளவுக்குக் குறைத்தானாம். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார வேண்டும், விசில் கேட்டதும் கை தூக்க வேண்டும். சின்னப்பிள்ளை விளையாட்டு. சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். நீராவிச் சத்தம் கேட்டது. காத்திருந்தேன்.

“எங்கை தம்பி விசில்? அடியும் பாப்பம்.”

திரும்பிப் பார்த்தேன். அவன் பெருவிரல் கொன்ட்ரோலர் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது. கதவடியில் பாலாம்பிகை, வாயில் கை வைத்தபடி.

“அடிச்சிட்டுத்தான் இருக்கேன் சார்.”

18 மே

டொக்டரிடம் நேரம் எடுத்தாயிற்று. பாலாம்பிகைதான் ரெலிபோன் பண்ணினாள். நான் பண்ணினால் அந்தப் பக்கம் என்ன சொல்கிறார்கள் என்று... சரி, எழுதிவிடுகிறேன். கேட்பதில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகக் கேட்பதில்லை.

12 ஒக்டோபர், திங்கள்

இவ்வளவு மாதம் காத்திருந்து, இன்றைக்கு ஆஸ்பத்திரியில் காதுக்கு மெசின் தந்தார்கள். தோல் நிறம் என்கிறார்கள். யாருடைய தோல் என்று தெரியவில்லை, என்னுடையது இல்லை. பஸ்ஸில் ஒரு மனிதன் சிப்ஸ் பையைக் கசக்கினான், தலைக்குள் கசக்கியது மாதிரி இருந்தது.

வீட்டுக்குப் போகாமல் நேரே பீற்றரிடம் போனேன். நான் கொடுத்த மாதிரியே சத்தத்தை வைத்து விசிலை அடிக்கச் சொன்னேன். கடவுளே! இதையா அந்தப் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே அடித்தேன்? வெட்கமாய்ப் போய்விட்டது. அங்கேயே உட்கார்ந்து குறைத்தேன், கனத்த குரல் விசில் ஒன்றுக்கு மாற்றினேன். பீற்றர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு உள்ளே போய் இன்னொரு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்தார். “இதுவும் ஊமைதான்” என்றார்.

வீட்டுக்கு வந்தால் பாலாம்பிகை, “என்ன மாதிரி? கேக்குதோ?” என்று கத்தினாள். சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

“மெல்லக் கதையுமப்பா, காது கிழியுது.”

மெல்லச் சொல்லிப் பார்த்தாள். மறுபடியும் கத்தல்தான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை முயன்றாள். “உங்களோடை மெல்லக் கதைக்க எனக்கு மறந்து போச்சு” என்றாள், அதையும் கத்தித்தான். கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

18 ஒக்டோபர், ஞாயிறு

பீற்றரின் இரண்டாவது எஞ்சினைக் கழற்றி வைத்துக்கொண்டு மேசையில் குனிந்திருந்தேன். பின்னால் பாலாம்பிகை கோப்பை கழுவும் சத்தம்.

“இஞ்சாருங்கோ.”

மெல்ல. பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிருக்காது. கம்பி பற்றவைக்கும் சோல்டர் கோலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

“என்ன?”

“ஒண்டுமில்லை.”

கொஞ்ச நேரம் போனது. மறுபடியும், அதைவிட மெல்ல, “இஞ்சாருங்கோ.” திரும்பினேன். ஒண்டுமில்லையாம். முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள்.

பகல் முழுக்க இப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எஞ்சின் வேலை ஒன்றும் நடக்கவில்லை.