ஆல்ட்டில் காய்ந்த சந்தனம்

மாப்பிள்ளை,

முகத்தில் துணி கட்டித் திரிந்த காலம் முடிந்து, நம்ம கண்மாய் மறுகால் பாய்ந்து, பரளச்சிப் பக்கம் விதைத்த மல்லியெல்லாம் அழுகிப் போச்சே, அந்த வருசத்து ஆயுத பூசையைச் சொல்கிறேன். இன்றைக்கும் ஆயுத பூசை. டிராக்டருக்கு வைக்கச் சந்தனம் குழைத்தேன். வாசம் ஏறியதும் விரல் நின்றுவிட்டது.

உனக்கு வாதம் வந்து இடது கை விழுந்ததும், அருப்புக்கோட்டை டைப்பிங் கடையை மூடிவிட்டு கம்ப்யூட்டரை வீட்டுக்குத் தூக்கி வந்தாய். ஊர் ஊராக இருக்கிறவர்கள் அதில் ஒன்றாகச் சேர்ந்து, வேசம் கட்டி, ராட்சசனோடு மல்லுக்கட்டுகிற விளையாட்டு. உனக்கு வைத்தியன் வேசம். வலது கை மவுஸைப் பிடிக்கும். இடது கை வேலைக்கு நான். எனக்கு எழுத்துத் தெரியாது என்று ஷிஃப்டில் சிவப்பும் ஆல்ட்டில் பச்சையுமாக ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக் கொடுத்தது உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி.

ஒரே பொத்தானுக்குள் மூன்று மந்திரத்தை எழுதி வைத்திருந்தாய். மேக்ரோ என்பாய். நீ சும்மா தட்டினால் ராட்சசன் மேல் தீ. நான் சிவப்பை அமுக்கிப் பிடித்திருந்தால் கூட்டாளிக்கு உயிர். பச்சை என்றால் உனக்கே உயிர். "மச்சான், செவப்பு" என்பாய். அமுக்குவேன். அத்தனை பேர் உயிரும் என் விரலில் நிற்கிற மாதிரி இருக்கும். பொண்டாட்டியைப் பறிகொடுத்துச் சுருண்டு கிடந்தவனுக்கு அது பெரிய வேலை.

அந்தப் பூசைக்கு உன் ஆயுதம் மட்டும் வெறுமனே கிடக்கிறதே என்று, பொட்டு ஒட்டிய ரெண்டு பொத்தானுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்தேன். பச்சைப் பக்கம் சந்தனம் கொஞ்சம் உள்ளே இறங்கியது. துடைத்தால் சாமி குத்தம் என்று விட்டுவிட்டேன். பூசையில் வைத்ததை மறுநாள்தானே எடுக்கணும்.

மறுநாள் சாயங்காலம் நீ எதைத் தட்டினாலும் உயிர் உனக்கே வந்தது. கூட்டாளிகள் ஒவ்வொருத்தராக விழ, நீ மட்டும் கல்லுக்குண்டு மாதிரி நின்றாய். கோயம்புத்தூர்க்காரர் மைக்கில், "வைத்தியரே, உங்க ஒடம்பு நல்லாத்தான் இருக்கு, எங்களையும் கொஞ்சம் பாருங்க" என்றார்.

நீ பதறவில்லை. மேக்ரோவின் வரிகளை மேலே கீழே மாற்றிப் பார்த்தாய். பச்சைக்கு உள்ள வரியை எடுத்தாய், சரியானது. திரும்பச் சேர்த்தாய்; பழைய கோளாறு. "எழுதுனதுல குத்தமில்ல. ஆல்ட்டு அமுங்கியே கிடக்கு. மச்சான், கைய எடு." என் கை மடியில்தான் இருந்தது. திருப்புளியால் நெம்பினாய். அடியில் சந்தனம், பாறையாக.

"என்ன மச்சான், ஆல்ட்டுக்குக் கெடா வெட்டலையா?"

மைக் திறந்தே கிடந்தது. எல்லா ஊரும் சிரித்தது. என் எழுத்தில்லாத்தனம் அத்தனை பேருக்கும் தெரிந்துபோனதாக எனக்குப் பட்டது. துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் நீ போன் போட்டபோதெல்லாம் களையெடுப்பு, ஆட்டுக்குத் தழை, திருச்சுழியில் சோலி என்றேன். "செவப்பு காத்துக்கிட்டு இருக்கு மச்சான்" என்றாய் ஒருதரம். "வாரேன்" என்றேன். வரவில்லை. நான் இல்லாமல் எப்படி ஆடுவான் பார்ப்போம் என்று உள்ளுக்குள் ஒரு வீம்பு. தை பிறந்ததும் நீ போய்விட்டாய்.

கருமாதி முடிந்து எல்லோரும் போனபின் தங்கச்சியிடம் கேட்டேன், நான் வராததால் நீ ஆடவே இல்லையா என்று.

"ஆடுனாக அண்ணே, ஒத்தக் கையால. ஷிஃப்டை ஒரு தட்டு தட்டிவிட்டா, அமுக்கிப் பிடிச்ச மாதிரியே நிக்க கம்ப்யூட்டர்லயே வழி இருக்காம். அவுகளுக்கு மொதல்லயே தெரியும். அண்ணி போனதுல இருந்து நீ யார்கிட்டயும் பேசலைல்ல, அதான் அதை அணைச்சு வச்சுட்டு உன்னையக் கூப்பிட்டாக."

உனக்குக் கையாக இருந்தேன் என்றல்லவா நினைத்திருந்தேன் மாப்பிள்ளை.

டிராக்டருக்குச் சந்தனம் வைத்துவிட்டேன். உன் கீபோர்டில் பொட்டு ரெண்டும் அப்படியே இருக்கிறது. கிட்டப் போக முகமில்லை. என் வீட்டுக்காரி இல்லை, நீ இல்லை. நம்ம ரெண்டு வீட்டில், இதைத் தெரிந்தவர்களில், என்னை விட்டால் உயிரோடு இருப்பது இன்னும் ஒரே ஆள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருப்பதும் அவள்தான். "அந்த வீம்பையும் எழுதவா அண்ணே?" என்று கேட்டாள். எழுது என்றேன், தலை நிமிராமல். கடைசியில் உன் பேரையும் எழுது தங்கச்சி என்றேன்.

பேச்சியம்மா.