பங்களா கேட்டின் சாவி

அன்பு மச்சான் லிங்கம்,

நீ போய் ஒரு வருஷம் முடிந்து, திதியும் கொடுத்தாகிவிட்டது. உன் தங்கச்சி பாயாசத்தில் சீனி போட மறந்துவிட்டாள். எல்லோரும் அப்படியே குடித்தோம்.

இன்னொரு செய்தி. உன் மச்சான் இப்போது பிரதேச சபை உறுப்பினர். சிரிக்காதே. தேர்தல் போஸ்டரில், நம் கல்லூரி மரதன் ஓட்டத்தில் நான் முதலாவதாக வந்த படத்தைப் போட்டார்கள். பின்னால் ஓடிவந்த உன்னை வெட்டிவிட்டார்கள். உன் இடது கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது.

நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கும் குறுக்குப் பாதையில்தானே அட்டைக்கடியோடு ஓடிப் பழகினோம்? உன் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நீதான் நேரம் பார்ப்பாய். குறுக்கே போனால் ஏழு நிமிஷம். பங்களாவைச் சுற்றும் வண்டிப் பாதையில் இருபத்தைந்து.

அந்த ஓட்டத்தால் எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது, அங்கே காணி வியாபாரம் கற்றுக்கொண்டேன். நீ தோட்டத்திலேயே நின்றுவிட்டாய். திரும்பி வந்து பழைய துரை பங்களாவையும் சுற்றியிருந்த காணியையும் வாங்கினேன், விடுமுறை வீடுகள் கட்டி விற்பதற்கு. நம் பாதை அதற்குள்தான் போனது. வீடு பார்க்க வருகிறவர்கள் கண்ணில் லயத்துச் சனம் படக்கூடாது என்று கேட் போட்டுப் பூட்டினேன். பாதுகாப்புக்கு என்று உன்னிடம் சொன்னது பச்சைப் பொய். நீ சரி மச்சான் என்றாய். ஏன்டா, ஒரு வார்த்தை ஏசியிருக்கக் கூடாதா?

அன்றைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த உன்னைக் கம்பளியில் தூக்கி வந்தவர்கள், பூட்டை உடைக்கக் கல் எடுத்தார்களாம். நீதான் தடுத்தாயாம்.

"மச்சான் கேட்டு அது, ஒடைச்சிறாதீங்க. சுத்தியே போவோம்."

குண்டும் குழியுமான வண்டிப் பாதையில் ஏற முடியாமல் ஆம்புலன்ஸ் கீழே ரோட்டிலேயே நின்றிருக்கிறது. அதுவரை உன் உயிர் தாங்கவில்லை. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று டாக்டர் இழுத்தார். எவ்வளவு முந்தி என்று நான் அவரைக் கேட்கவில்லை. நம் இரண்டு பேருக்கும் அந்தக் கணக்குத் தெரியுமே.

நேற்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன், அடுத்த சபைக் கூட்டத்தில் பிரேரணை வைத்து நம் குறுக்குப் பாதையைப் பொதுப் பாதையாக்கி, உன் பெயரையும் வைக்கப் போகிறேன் என்று. உன் தங்கச்சி லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சாவி நம்ம வீட்டு ஆணியிலதாங்க தொங்குது. அத எடுக்கவும் சபையில கை தூக்கணுமா?"

ஒரு வருஷமாகத் தொங்குகிறது மச்சான். உன் திதிக்கு மாலை வாங்கப் போனபோதும், அதற்குப் பக்கத்திலிருந்துதான் வண்டிச் சாவியை எடுத்தேன். வெட்கமாக இருக்கிறது. ஊரே படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாளைக்கு விடிந்ததும் போய்ப் பூட்டைத் திறந்து, கேட்டையும் கழற்றிவிடுகிறேன். போட்டோ கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. பிறகு ரோடு வரைக்கும் அந்தப் பாதையில் இறங்கி நடப்பேன். கையில் கடிகாரம் கட்ட மாட்டேன், அதற்குத் தைரியம் இல்லை.

அதை முடித்த பிறகு மச்சான் என்று கையெழுத்துப் போடுகிறேன். இன்றைக்கு இப்படித்தான்,

உன் தங்கச்சியின் வீட்டுக்காரன்