போர்டில் இருபத்துநாலு கிராம்

5 ஆகஸ்ட், செவ்வாய்

எடை — இல்லை. தண்ணீர் — இல்லை. சாப்பிட்டது — என்னத்தை எழுத.

இந்த நோட்டின் முதல் பாதி முழுக்க என் வீட்டுக்காரருடையது. டயாலிசிஸ் நர்ஸ் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தாள். தேதி, எடை, குடித்த தண்ணீர், சாப்பிட்டது. இரண்டு வருஷம் ஒரு நாள் விடவில்லை. எட்டாவதோடு நின்றவள் நான், என் கையெழுத்து திருந்தியதே இதில்தான். அவர் போய்ப் பத்து மாதம் ஆகப்போகிறது. சாயங்காலம் வேலை முடிந்து பெரும்பாக்கம் வந்து சேர்ந்தால் கை தானாகப் பேனாவைத் தேடுகிறது. மீதிப் பக்கம் சும்மாதானே கிடக்கிறது.

சேலையூர் காபி ஷாப்பில் சேர்ந்து நாற்பது நாள். முட்டை அடுப்பு என்னுடையது. ஆம்லெட், பொரியல், புல்ஸ் ஐ, பிரெட்டுக்கு நடுவில் வைக்கிறது. வெள்ளை மட்டும் கேட்கிறவர்கள்தான் அதிகம். உடைத்து விரல் இடுக்கில் வெள்ளையை இறக்கிவிட்டு மஞ்சளைத் தனிக் கிண்ணத்தில் விடுவேன். காபி மெஷினில் நிற்கிற லாசரஸ் மத்தியானம் அந்த மஞ்சளைத்தான் வதக்கிச் சாப்பிடுவான்.

"ஊரே வெள்ளைய துன்னுட்டுப் போவுது. நம்ம கொலஸ்ட்ரால பத்தி எவனுக்கு இன்னா கவலக்கா? உக்காரு, நீயும் ரெண்டு வாய் துன்னு."

எனக்கு வேண்டாம் என்றேன். நாள் முழுக்க முட்டை சுடுகிறவள் முட்டை தொடுவதில்லை என்று அவனுக்குச் சிரிப்பு. காரணம் கேட்கவில்லை. நல்ல பையன்.

7 ஆகஸ்ட், வியாழன்

ஒரு சார் வருகிறார். செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழரைக்கு. அறுபத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் சின்னதாகத் திருமண். வெள்ளை ஆம்லெட், உப்பு கொஞ்சமா, காபி அரை கப். வாசலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார், யாரோ பிடித்துவிடுவார்கள் என்பது போல.

இன்று தட்டை நானே கொண்டு போய் வைத்தேன். சட்டைக் கை மேலே ஏறியிருந்தது. இடது முழங்கைக்குக் கீழே நரம்பு பாம்பு மாதிரிப் புடைத்திருந்தது, அதன் மேல் நேற்றைய பிளாஸ்திரி.

என் வீட்டுக்காரருக்கும் டயாலிசிஸ் ஊசிக்கு அதே கை. அதே இடம். காதை வைத்தால் பூனை மாதிரிக் குர்ர் என்று ஓடும்.

உள்ளே வந்து வெங்காயம் நறுக்கினேன். வெங்காயம் நல்லது, எதையும் சொல்ல வேண்டியதில்லை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

போர்டில் எழுதியிருப்பதை இன்றுதான் சரியாகப் படித்தேன். 'எக் ஒயிட் ஆம்லெட் — புரோட்டீன் 24 கிராம்.'

நான் போடுவது மூன்று முட்டையின் வெள்ளை.

டயட் மேடம் கொடுத்த தாள் இந்த நோட்டின் பின் அட்டையில் ஒட்டியிருக்கிறது. முழு முட்டை 6 கிராம். வெள்ளை மட்டும் என்றால் மூன்றரை. டயாலிசிஸ் பண்ணுகிறவருக்கு ஒரு நாளைக்கு 60 கிராம் வேண்டும், ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிறபோது மிஷின் அதையும் கொஞ்சம் எடுத்துவிடும் என்று சொன்னார்கள். மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். பதினொன்றைத் தாண்டவில்லை.

லாசரஸைக் கேட்டேன். "அது ஆரம்பத்துல நாலு முழு முட்டைக்குப் போட்டதுக்கா. அப்பறம் வெள்ளைக்கு மாத்துனாங்க. நம்பர் மட்டும் அப்டியே கீது."

16 ஆகஸ்ட், சனி

சாருக்கு ஐந்து வெள்ளை போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

30 ஆகஸ்ட், சனி

மாட்டிக்கொண்டேன். பக்கத்து மேஜையில் ஜிம் பையன், கை தொடை அகலம். "அண்ணா, அந்த அங்கிளுக்கு மட்டும் பரோட்டா சைஸ்ல வருது, எனக்கு மட்டும் அப்பளமா?" என்று கடைக்கார ஹரிபிரசாத்திடம் கேட்டுவிட்டான். கடையே சிரித்தது. சார் தட்டைப் பார்த்தபடி குனிந்துகொண்டார்.

ஹரி தம்பி உள்ளே வந்தார். கத்தவில்லை. "அக்கா, எல்லாருக்கும் ஒரே போர்ஷன். அதுதான் ஸ்டாண்டர்ட்."

நான் கணக்கைச் சொன்னேன். தாளையும் காட்டினேன். அவர் படித்தார், படிக்காமல் இல்லை. "சரிதான் அக்கா. ஆனா ஜிம் பசங்க அந்த நம்பரப் பாத்துதான் வர்றாங்க. பதினொண்ணுன்னு போட்டா பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க. அடுத்த மெனு மாத்தறப்போ பாக்கலாம். நீங்க கஸ்டமர்கிட்ட எதுவும் பேசிக்க வேணாம், ஓகேவா?"

ஓகே என்றேன். இந்த வேலை போனால் வேறு என்ன இருக்கிறது எனக்கு. வீட்டில் உட்கார்ந்தால் அவருடைய கட்டில்.

செவ்வாயிலிருந்து மறுபடி மூன்று.

17 செப்டம்பர், புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. கடையில் பாதிப் பேர் முட்டை கேட்கவில்லை. அடுப்பு சும்மா இருந்தது, அதனால் நினைப்பு சும்மா இருக்கவில்லை.

எழுதிவிடுகிறேன். பதினொரு மாதமாக எழுதாததை.

போன வருஷம் இதே நாள். டயட் மேடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள், தினமும் இரண்டு வெள்ளை விடாதீங்க என்று. நான்தான் நிறுத்தினேன். வேற யாரு நிறுத்தினா? எங்கள் வீட்டில் புரட்டாசியில் முட்டைச் சட்டி அடுப்பேறினதில்லை. அதுவும் அந்த வருஷம் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். இந்த மாசம் சுத்தமா இருக்கேன் பெருமாளே, இவரை எழுப்பி நடக்க வை, மறைமலை நகர் கம்பெனி பஸ்ஸுல மறுபடி ஏறட்டும்னு. பயறு வேகவைத்துக் கொடுத்தேன், ஆனால் அவருக்கு வாந்தி, இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை கேட்டார். "ஜெயா, ஒரே ஒரு முட்டை வேகவச்சுக் குடேன்." இன்னும் பன்னண்டு நாள்தான், பொறுத்துக்கோ என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான். சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம்ல? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்ல?

ஆறாம் நாள் ஆயுத பூஜை. காலையில் இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். முட்டையைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது —

20 செப்டம்பர், சனி

முதல் சனிக்கிழமை. நாமம் போட்ட சார் இன்றும் வந்தார். லாசரஸ் வாய் சும்மா இருக்காது. "இன்னா சார், புரட்டாசி சனிக்கெழமை முட்டையா?"

சார் கோபப்படவில்லை. "வீட்டுல அவளுக்கு முட்டைங்கற பேச்சே ஆகாதுப்பா. அதான் இங்க ஒளிஞ்சு சாப்பிடறேன். டாக்டர் உத்தரவு. அந்த போர்டு புண்ணியத்துல காலையிலேயே இருபத்துநாலு ஆயிடறது. ராத்திரி எனக்குப் பருப்பும் வேண்டாம், பனீரும் வேண்டாம்னு அவகிட்ட சொல்லிட்டேன். பாவம், அவளுக்கும் முழங்கால் வலி, எத்தனை தடவை அடுப்படில நிப்பா." அப்புறம் சாதாரணமாகச் சொன்னார். "ஆனா பாரு, ரத்தத்துல இருக்கற புரோட்டீன், அந்த ஆல்புமின் மட்டும் இறங்கிண்டே போறது. ஏன்னு டாக்டருக்கே புரியலை."

எனக்குப் புரிந்தது. நிமிர்ந்து போர்டைப் பார்த்தேன்.

22 செப்டம்பர், திங்கள்

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். வேலை போனால் போகட்டும் என்று எழுதுவது சுலபமாக இருக்கிறது.

23 செப்டம்பர், செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

நோட்டையே எடுத்துக்கொண்டு போனேன். தட்டை வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாங்கள் கஸ்டமர் மேஜையில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தேன். "சார், அந்த நம்பர் தப்பு சார். இதுல பதினொண்ணுதான் கீது. ராத்திரி பருப்ப நிறுத்தாதீங்க" என்றேன். பின் அட்டைத் தாளைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். தாளை விட்டுவிட்டு முன் பக்கங்களையும் புரட்டினார். எடை, தண்ணீர், எடை, தண்ணீர். அக்டோபர் பத்தோடு நிற்கிறதைப் பார்த்தார்.

"இது யாரு?"

"என் வீட்டுக்காரர் சார்."

கடைசி மாதத்தில் 'சாப்பிட்டது' கட்டத்தில் முட்டை இல்லை. அதையும் சொன்னேன். வேண்டுதலை, பன்னண்டு நாளை, அவர் சரி என்றதை. எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் திறந்தால் நிற்கவில்லை.

சார் ஆம்லெட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஹரி தம்பி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "வேணாம்னு சொன்னேன்ல அக்கா" என்றார். நாளையிலிருந்து பாத்திரம் கழுவுகிற இடம்.

25 செப்டம்பர், வியாழன்

சார் வரவில்லை.

27 செப்டம்பர், சனி

இன்றும் வரவில்லை. லாசரஸ் சொல்கிறான், "வெக்கமா கீதுக்கா அவருக்கு, வேற ஒண்ணும் இல்ல." எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே கிடைத்த பதினொன்றையும் நான் கெடுத்துவிட்டேனோ? வீட்டிலும் கிடையாது, கடையிலும் கிடையாது என்று ஆக்கிவிட்டேனோ? ஒரு தடவை நிறுத்தியவள் நான். இது இரண்டாவது தடவையா?

30 செப்டம்பர், செவ்வாய்

நாளைக்கு ஆயுத பூஜை என்று கடை முழுக்கக் கழுவினோம். மெஷின், கல், சட்டி, போர்டு எல்லாம். பதினோரு மணி இருக்கும். லாசரஸ் வந்து, "அக்கா, ஒன்ன தேடிக்கினு ஒரு மாமி. உள்ள வரமாட்டாங்களாம். முட்ட வாசன ஆவாதாம்" என்றான்.

நடைபாதையில், வெயிலில், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றிருந்தார்கள். ஒல்லியான உடம்பு, வைரத் தோடு, கையில் துணிப்பை.

"ஜெயக்கொடி நீங்கதானே? நான் சத்யநாராயணன் ஆத்துக்காரி. அவர் எல்லாத்தையும் சொல்லிட்டார். ரெண்டு மாசமா ஒளிஞ்சு சாப்பிட்டதையும்."

திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணு கேக்கணும். உரிக்கறச்சே தோலோட வெள்ளையும் பிஞ்சு பிஞ்சு வர்றதே, ஏன்? பாதி வீணாப் போறது. அதுல போற கிராமை யார் குடுப்பா?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "யாரு உரிக்கறாங்க மாமி?"

"நான்தான். வேற யாரு இருக்கா? பையன் அமெரிக்கால இருக்கான். பால்கனியில தனியா ஒரு கரண்ட் அடுப்பு வாங்கி வெச்சாச்சு. தனிப் பாத்திரம். மூக்குல துணியைக் கட்டிண்டு நிக்கறேன். தினம் நாலு வெள்ளை, ராத்திரி பருப்பு, பனீர். அவருக்கு இனிமே கடைக்கு வர வேலை இல்லை."

"புரட்டாசி ஆச்சே மாமி."

"ஆமாம், புரட்டாசிதான். பெருமாள்கிட்ட சொல்லிட்டேன், உனக்கு நைவேத்தியம் உள்ள, இவருக்கு பால்கனியில, ரெண்டையும் நான்தான் பண்றேன், குழப்பிக்காதேன்னு."

நான் சிரித்துவிட்டேன். பிறகு அழுதுவிட்டேன், நடைபாதையிலேயே. மாமி என்னைத் தொடவில்லை, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்கள்.

"உங்க ஆத்துக்காரர் சரின்னு சொன்னாராமே?"

"ஆமா மாமி."

"அப்பறம் வேண்டுதல் உங்களோடது மட்டும்னு ஏன் சொல்லிண்டிருக்கேள்? அவரும் சேர்ந்துதான் இருந்திருக்கார். அதைப் போய் நீங்க ஒருத்தரே தூக்கிண்டு அலையாதீங்கோ."

வெந்ததும் பச்சைத் தண்ணீரில் போட்டு, ஆறின பிறகு அடிப் பக்கத்திலிருந்து உடைக்கச் சொன்னேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனார்கள்.

கடை மூடுகிறபோது ஹரி தம்பி, மாமி பேசியது காதில் விழுந்ததோ என்னவோ, சாக்பீஸை என்னிடம் நீட்டினார். போர்டு கழுவி வெறுமையாக இருந்தது. முகத்தைப் பார்க்காமல், "எவ்ளோன்னு நீங்களே போட்டுடுங்க அக்கா" என்றார். நாற்காலி மேல் ஏறி எழுதினேன். மூன்று வெள்ளை — 11 கிராம். இரண்டு ஒன்றும் கொஞ்சம் கோணல்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. அவருக்கு வருஷ திதி.

நாத்தனார் ஹேமாவதி கீழ்க்கட்டளையிலிருந்து வாழை இலையும் பூசணியும் எடுத்துக்கொண்டு விடியலிலேயே வந்துவிட்டாள். சாம்பார், பொரியல், வடை, பாயசம் எல்லாம் ஆனது. கடைசியாக ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து இரண்டு முட்டையைப் போட்டேன். இந்த வீட்டு அடுப்பில் ஒரு வருஷம் கழித்து.

ஹேமாவதி எட்டிப் பார்த்தாள். "அண்ணி, புரட்டாசி."

"தெரியும்."

"படையலுக்கா?"

"உங்க அண்ணன் கேட்டது."

கொதிக்கிற தண்ணீரில் முட்டை இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டிருந்தன. ஹேமாவதி அலமாரியைத் திறந்து டப்பாக்களை நகர்த்தினாள். "மிளகுத்தூள் எங்க வச்சிருக்க? மிளகு தூவலைன்னா அண்ணன் முட்டையைத் தொட மாட்டாரே."

வெள்ளை, மஞ்சள் எதையும் பிரிக்கவில்லை. இரண்டாக நறுக்கி, மிளகு தூவி, இலையில் முதலில் அதைத்தான் வைத்தேன்.

படைத்ததைக் குப்பையில் போடக் கூடாது. ஹேமாவதி ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றை என் தட்டில் வைத்தாள். சாப்பிட்டேன். மஞ்சள் தொண்டையில் நின்றது, தண்ணீர் குடித்தேன், இறங்கிவிட்டது.

அவள் போன பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து அவருடைய எடை மிஷினை இழுத்துத் துடைத்து, ஆயுத பூஜைதானே என்று ஒரு பொட்டு வைத்தேன். பிறகு அதன் மேல் ஏறி நின்றேன்.

எடை — 46.
தண்ணீர் — அளக்கவில்லை.
சாப்பிட்டது — முட்டை ஒன்று, முழுசு. 6 கிராம்.