உள்ளேயிருந்து ஒரு ஹவ்

ஜூலை 3, வியாழன்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. இவர் தவறிப்போய் நாற்பது நாள்.
பிரபு போன். "அம்மா, கொண்டாப்பூர்ல எங்க வீட்டுக்கே வந்துடுங்க. குஷாய்குடால தனியா எதுக்கு?" யோசிக்கிறேன் என்றேன். மகனிடம் பொய். என் வீட்டை விட்டு எங்கே போவது?
அடுப்படியிலிருந்து பழக்கத்தில் கேட்டுவிட்டேன். "என்னங்க, ரசம் மட்டும் போதுமா?"
அறையிலிருந்து, "ஹவ்."
கரண்டி கீழே. ஓடிப் பார்த்தேன். யாரும் இல்லை.

ஜூலை 4, வெள்ளி
பி.பி. மாத்திரை, கொத்தமல்லி வாங்கணும்.
இவர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். 'ஆமா' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எதற்கும் இந்த ஊர் உருது 'ஹவ்'தான். தஞ்சாவூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த எனக்குப் பிடிபட நாலு வருஷம்.
ஹவ் - சரி.
ஹவ்? - அப்படியா?
ஹவ் ஹவ் - பேப்பர் படிக்கிறேன், ஆளை விடு.
இழுத்து, ஹாவ் - புளுகுகிறாய், போகட்டும்.
மூச்சோடு - ஆஸ்பத்திரியில், "வலிக்குதா?" என்றபோது.
நேற்று கேட்டது முதல் வகை. நோயில்லாத குரல்.

ஜூலை 6, ஞாயிறு
இதுவரை ஐந்து முறை. பயம்தான், ஆனாலும் கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை.
பிரபுவிடம் உளறிவிட்டேன். "தனிமைம்மா, வேற ஒண்ணுமில்ல. சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன். டாக்டரைப் பாப்போம்." பைத்தியம் என்று சொல்லாததுதான் குறை.

ஜூலை 8, செவ்வாய்
கடைக்குப் போய்வந்தால் பூட்டிய கதவருகே தண்ணீர் கேன். புது ஆள் சலீம் படி இறங்கிக்கொண்டிருந்தார். யாரைக் கேட்டு வைத்தீர்கள் என்றேன்.
"அந்தர்சே அங்கிள் ஹவ் போலே, ஆன்ட்டி." உள்ளேயிருந்து அங்கிள் சொன்னாராம்.
முதலில் வந்தது சந்தோஷம். எனக்குப் பைத்தியமில்லை. அப்புறம்தான் பூட்டைப் பார்த்தேன்.

ஜூலை 12, சனி
காரில் எழுதுகிறேன். பெட்டி இரண்டு, மிக்ஸி, இவர் போட்டோ எல்லாம் ஏற்றியாயிற்று. பிரபு வண்டியை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான்.
வரமாட்டேன் என்று காலையில் மல்லுக்கு நின்றேன். சலீம் சொன்னதையும் சொன்னேன். "பக்கத்து வீட்ல யாராவது பேசிருப்பாங்கம்மா." அவரைத் தனியாக விட்டுப் போகிறேனே என்று அழுகை.
வெளியே வந்து, கதவைப் பார்த்து, "போயிட்டு வரேங்க" என்றேன்.
"ஹவ்."
பிரபு பூட்டை எடுத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் சொல்வதுபோல் சொன்னான். "அப்பா, தாழ்ப்பாள் போட்டுக்கோங்க."
சொன்ன பிறகுதான் முகம் வெளுத்தது.
உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.