சான்றிதழின் மூன்றாவது வரி

இன்று மாலை என் மகள் பள்ளிப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். புதிதாக லேமினேட் செய்தது. சூடுபட்ட பிளாஸ்டிக் வாசனை இன்னும் போகவில்லை. பதினெட்டு வருடமாக இந்த வாசனை வந்தால் கூடவே நீயும் வந்துவிடுகிறாய்.

புனே பக்கம் சிஞ்ச்வட்டில் நாம் பத்தாம் வகுப்பில் இருந்த அந்த மழைக்காலம். வகுப்பில் தமிழ் பேசியவர்கள் மூன்றே பேர்: நீ, நான், எங்கள் மாடிவீட்டுப் பெண். மற்றவர்களுக்கு மூவருமே மதராஸிகள்தான். கறுப்பு, தேங்காய் எண்ணெய் நாற்றம் என்று வந்த கேலியெல்லாம் மூவருக்கும் பொது. நான் அழுதபோதெல்லாம் நீ ஒரே வைத்தியம் சொல்வாய். "கேட்டதுக்கு மட்டும் ஜவாப் சொல்லு. மேல ஒரு வார்த்தை பேசாத." உனக்கு வாய் சாமர்த்தியம் போதாது என்று நினைத்துக்கொள்வேன். அத்தனை மடச்சி நான்.

நம் அப்பாக்கள் ஒரே பட்டறையில் வேலை பார்த்தார்கள். என் அப்பா சூப்பர்வைசர், உன் அப்பா கான்ட்ராக்ட் வெல்டர். உன் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். நம் பள்ளி ஆட்டோ உனக்காகவே பாலம் சுற்றி வரும்.

பள்ளிப் பதிவேட்டைச் சரிபார்க்கச் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். சலுகை கிடைத்தால் உன்னைப் பதினொன்றில் சயின்ஸ் சேர்க்கலாம் என்று உன் அப்பா ஊரிலிருந்து அதை வரவழைத்து, லேமினேட் செய்து கொடுத்திருந்தார். முழுக்கத் தமிழ். டீச்சருக்குப் படிக்கத் தெரியாது, உனக்கும் தெரியாது. வகுப்பு முன்னால் என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்.

உன் பெயர், உன் அப்பா பெயர், மூன்றாவது வரியில் சாதி. எனக்கே அப்போதுதான் தெரியும். அந்தப் பெயர் அங்கே யாருக்கும் எதையும் சொல்லவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? கோடை லீவில் கோயம்புத்தூர்ப் பக்கம் கேட்டதையெல்லாம் பாடம் ஒப்பிப்பதுபோல நல்ல ஹிந்தியில் விளக்கினேன். இவர்கள் தெரு தனி, எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி வரமாட்டார்கள் என்றேன். நீ தாளை வாங்கி, என் விரல் பட்ட இடத்தை மட்டும் ஸ்கர்ட்டில் துடைத்துவிட்டு உட்கார்ந்தாய்.

வெளிமாநிலச் சான்றிதழ் செல்லாது என்று ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சலுகை போயிற்று. நான் சொன்னது மட்டும் வகுப்பில் தங்கிவிட்டது.

இரண்டு நாள் ஒன்றுமே நடக்கவில்லை. டிபன் நேரத்தில் உன் பக்கத்தில் இடம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. சனிக்கிழமை மாடிவீட்டு அம்மா வந்து எங்கள் அம்மாவோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அவர் போனபிறகு அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னாள். "ஆட்டோல எடம் பத்தாதுன்னு அந்தப் புள்ளகிட்ட நீயே சொல்லீரு கண்ணு." அந்த மெதுவான குரலுக்கு நான் இன்றும் பயப்படுகிறேன்.

சொன்னேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. "பரவால்ல, நான் ரயில் பட்ரி தாண்டி வந்துக்கறேன். வண்டி வந்தா சத்தம் கேக்கும்ல?" என்றாய்.

அதன்பிறகு மழை விடவே இல்லை. அந்தக் கொட்டுகிற மழையில் லோக்கல் ரயில் வருவது யார் காதில் விழும்? பத்தாம் நாள் காலை, ரயில் பாதையோரம் கூட்டம் நின்றது. ஆட்டோக்காரர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வண்டியைத் திருப்பினார். நீ உட்காரும் இடத்தில் எங்கள் பைகள் இருந்தன. கேட்டவர்களிடமெல்லாம் மழைதான் காரணம் என்று சொன்னோம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நீ.

இப்போது அதே புனேயில், மகர்பட்டாவில் ஒன்பதாம் மாடியில் இருக்கிறோம். மகள் கொண்டுவந்தது, அவள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பெண்ணின் சான்றிதழ். "அவ மம்மிக்கு இங்கிலீஷ் வராது. நீ எழுதித் தருவியான்னு கேட்டாங்க" என்றாள். எழுதினேன். மூன்றாவது வரியையும் எழுதி, எழுதிய தாளை உறையில் போட்டு ஒட்டினேன். நாளை நானே அந்த அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"தர்ட் லைன்ல என்ன மம்மி? நீ அங்க மட்டும் நிறுத்தினியே?"

"கேட்டது அவங்க. அவங்களுக்கு எழுதிட்டேன்."

அவள் தோளைக் குலுக்கினாள். "சரி விடு. பதினோராம் மாடி ஆன்ட்டிக்குத் தமிழ் படிக்க வரும். ஒரிஜினலைக் குடு, அவங்ககிட்ட கேட்டுக்கறேன்."

சான்றிதழின்மேல் வைத்த கையை நான் இன்னும் எடுக்கவில்லை. எந்த விரல் பட்ட இடத்தை நீ அன்று துடைத்தாயோ, அதே விரல்கள்தான்.